கேட்ட செவியும் கேட்ட மன்னிப்பும்

(ஓய்வுபெற்ற உளவளத்துணை ஆசிரியை ஒருவரின் முப்பத்தோராம் நாள் நினைவுத் திருப்பலியில் நிகழ்த்திய மறையுரை. குடும்பத்தவரின் இசைவுடன் இங்கு தரப்படுகிறது.)



முப்பத்தொரு நாட்களுக்கு முன்னர் இதே ஆலயத்தில் ஒரு தாயின் உடலை நடுவில் வைத்து நாம் மன்றாடினோம். அன்று பேசியவர்கள் எல்லோரும் அவரைப் புகழ்ந்தார்கள். அந்தப் புகழ்ச்சியில் பொய் இல்லை. முப்பத்துநான்கு ஆண்டுகள் ஆசிரியப் பணி. அதிலும் பின்பாதி முழுவதும் மனம் நொந்த பிள்ளைகளுக்குத் துணை நின்ற பணி. "இப்படிப்பட்டவர் நேரே மோட்சத்துக்குத்தான் போயிருப்பார்" என்று ஒருவர் சொன்னபோது, ஆலயம் முழுவதும் தலையசைத்தது. நானும் அசைத்திருப்பேன். ஆனால் இறப்பதற்கு மூன்று வாரங்களுக்கு முன் அவர் என்னிடம் சொல்லியிருந்த சொல் என்னைத் தடுத்தது.

அன்று நோயிற்பூசுதல் அளித்து முடித்து, நான் எழும்ப ஆயத்தமானபோது என் கையைப் பிடித்துக்கொண்டார். "பாதர், நான் செத்தாப் பிறகு என்னைப் புனிதை ஆக்கிப் போடாதேங்கோ. புனிதை எண்டால் ஒருத்தரும் எனக்காகச் செபிக்க மாட்டினம். எனக்குச் செபம் வேணும். என்ர பிள்ளைக்கு நான் செய்த பிழையையும் சொல்லுங்கோ. கேக்கிற தாய்மாருக்கு உதவும்."

இது பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதன்று. பிள்ளைகள் இருவரும் கட்டிலருகே நிற்கும்போது, எல்லோரும் கேட்கச் சொன்னது. அந்த மகன் இன்று முன்வாங்கில் இருக்கிறார். "அம்மா கேட்டபடி சொல்லுங்கோ பாதர்" என்று நேற்று மாலையும் என்னிடம் வந்து சொல்லிப் போனார். ஆகவே சொல்லுகிறேன்.

தாயின் பாவத்துக்காகச் செபித்த மகன்

இறந்த தாயைப் பற்றி உண்மையைப் பேசுவது மரியாதைக் குறைவு என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். திருச்சபையின் பெரும் மறைவல்லுநர்களுள் ஒருவர் அப்படி எண்ணவில்லை. அவர் புனித அகுஸ்தீனார்.

அவருடைய தாய் புனித மோனிக்காவை நமது கத்தோலிக்கத் தாய்மார் எல்லோரும் அறிவார்கள். வட ஆபிரிக்காவிலே, இன்றைய அல்ஜீரியாவில் அடங்கிய தகாஸ்தே என்ற சிறுநகரில் வாழ்ந்த பெண். 354ஆம் ஆண்டில் பிறந்த மகன் அகுஸ்தீன் படிப்பில் கெட்டிக்காரன். ஆனால் வாலிபத்தில் மானிக்கேயர் என்ற பதிதர் கூட்டத்தோடு சேர்ந்துவிட்டான். தாய் என்ன செய்தார்? கண்ணீர் வடித்தார் என்பது நமக்குத் தெரியும். அதற்கு முன் செய்த ஒன்றை நாம் அதிகம் பேசுவதில்லை. தம்முடைய வீட்டில், தம்முடைய மேசையில், மகன் உடனிருந்து உண்பதைக்கூட அவர் விலக்கி வைத்தார். பின்னர் கண்ட ஒரு கனவே அவரை மாற்றியது. தாம் நிற்கும் அதே இடத்தில் மகனும் நிற்பதை அந்தக் கனவில் கண்டார். அதன் பிறகுதான் மகனை மீண்டும் மேசைக்கு அழைத்தார்.

மகனோடு பேசி அவனைத் திருத்தும்படி ஓர் ஆயரிடம் மன்றாடினார். அந்த ஆயர் இணங்கவில்லை. அவனை இப்போதைக்கு விட்டுவிடும்படியும், அவனுக்காக இறைவனிடம் மன்றாடும்படியும் சொன்னார். இத்தனை கண்ணீருக்குரிய மகன் அழிந்துபோக மாட்டான் என்றும் தேற்றினார். ஆனாலும் மகன் 383ஆம் ஆண்டில், தாய் ஒரு சிற்றாலயத்தில் செபித்துக்கொண்டிருந்த இரவிலே, சொல்லாமல் கொள்ளாமல் உரோமாபுரிக்குக் கப்பல் ஏறினான். தாய் கடல் கடந்து பின்சென்றார். 387ஆம் ஆண்டு பாஸ்கா இரவில், மிலான் நகரில், புனித அம்புரோஸ் ஆயரின் கையால் அகுஸ்தீன் ஞானஸ்நானம் பெற்றார். அதே ஆண்டில், ஊர் திரும்பக் கப்பலுக்குக் காத்திருந்த ஒஸ்தியாத் துறைமுகத்தில், ஐம்பத்தாறாவது வயதில் மோனிக்கா கண்ணை மூடினார்.

அப்போது அவர் கேட்டது ஒன்றே. உடலை எங்கே புதைத்தாலும் கவலைப்பட வேண்டாம். ஆனால் நீங்கள் எங்கிருந்தாலும் ஆண்டவருடைய பீடத்தில் என்னை நினைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

மகன் என்ன செய்தார் என்பதைக் கவனியுங்கள். தம் வாழ்வை இறைவனிடம் அறிக்கையிட்ட நூலிலே தாயின் நற்குணங்களை எழுதினார். சிறுமியாய் இருந்தபோது பீப்பாயிலிருந்து இரகசியமாக முந்திரிகை இரசம் குடித்துப் பழகிய குறையையும் எழுதினார். பிறகு, அந்தப் புகழ்ச்சியை எல்லாம் ஒரு பக்கம் வைத்துவிட்டு, "தாயின் பாவங்களை மன்னியும்" என்ற கருத்தில் மன்றாடினார். தம் நூலை வாசிப்போரும் பீடத்திலே தம் பெற்றோரை நினைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். புனித மோனிக்காவுக்கே செபம் தேவை என்று அவருடைய மகன் கருதினால், நம்முடைய தாய்மாருக்குத் தேவையில்லை என்று சொல்ல நாம் யார்?

மக்கபேயர் இரண்டாம் நூலின் 12ஆம் அதிகாரத்திலும் இதையே காண்கிறோம். போரில் மாண்ட வீரர்களின் தவறு வெளிப்பட்டபோது யூதா மக்கபே அதை மூடி மறைக்கவுமில்லை, அவர்களைத் தூற்றவுமில்லை. காணிக்கை சேர்த்து, அவர்களுக்காகப் பலி ஒப்புக்கொடுக்க எருசலேமுக்கு அனுப்பினார். இறந்தவர்களுக்கு நாம் கொடுக்கக்கூடிய அன்பு இதுவே.

இரண்டு கதிரைகள் உள்ள அறை

இப்போது நம் தாயிடம் வருவோம். இந்த ஆலயத்தில் உள்ளவர்கள் அவரை "ரீச்சர்" என்றே அழைத்தோம். நானும் அப்படியே சொல்லுகிறேன்.

வலிகாமம் வடக்கின் கரையோரத்தில் பிறந்தவர். 1990இல் அந்தக் கிராமங்கள் வெறுமையானபோது கணவரோடும் இரண்டு பிள்ளைகளோடும் இடம்பெயர்ந்தார். பெற்ற தாயின் கல்லறையை விட்டு வந்தார். நீண்ட காலம் அங்கே போய் ஒரு மெழுகுதிரி கொளுத்தவும் வழியிருக்கவில்லை. 1995 ஒக்ரோபர் 30ஆம் நாள், வலிகாமம் முழுவதுமே மழையில் நனைந்து தென்மராட்சியை நோக்கி நடந்த அந்த இரவில், மறுபடியும் நடந்தார். அடுத்த ஆண்டிலே கணவர் நோயில் இறந்தார். அப்போது மகனுக்குப் பன்னிரண்டு வயது.

அந்த அகதி வாழ்விலேதான் அவருடைய அழைத்தல் பிறந்தது. தென்மராட்சியில் ஒரு கொட்டிலில் பள்ளிக்கூடம் நடந்தது. அதிலே ஒரு சிறுவன் வாய் திறப்பதில்லை. அந்த ஆண்டு யூலை 9ஆம் நாள் நவாலிப் புனித பேதுரு ஆலயத்தில் தஞ்சமடைந்திருந்த மக்கள்மேல் குண்டு விழுந்ததை நீங்கள் அறிவீர்கள். அப்படியான நாட்களில் தமக்கையை இழந்தவன் அந்தச் சிறுவன். சிலர் அதட்டிப் பார்த்தார்கள். சிலர் இனிப்புக் கொடுத்துப் பார்த்தார்கள். ரீச்சர் ஒன்றும் கேட்கவில்லை. இடைவேளைகளில் அவன் பக்கத்தில் போய்ப் பனங்குற்றியில் இருந்துகொள்ளுவார். கையில் கொப்பிகள் இருந்தால் திருத்துவார். இல்லாவிட்டால் சும்மா இருப்பார். மூன்றாவது கிழமை அந்தச் சிறுவன், "ரீச்சர், நாளைக்கும் வருவீங்களோ?" என்று கேட்டானாம். "அண்டைக்குத்தான் பாதர் எனக்குப் படிப்பிக்கத் தெரிஞ்சது" என்று அவர் சொல்லுவார்.

பின்னர் உளவளத்துணைப் பயிற்சி பெற்றார். பாடசாலையில் நூலகத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய அறை கொடுத்தார்கள். மேசையை வெளியே எடுத்துவிட்டு இரண்டு கதிரைகளை மட்டும் வைத்தார். "மேசை இருந்தால் பிள்ளை அதிபரின்ர அறைக்கு வந்த மாதிரிப் பயப்படும்" என்பார். அந்த அறையில் சொன்னது ஆசிரியர் அறைக்குப் போகாது, சந்திக்குப் போகாது, பிள்ளையின் வீட்டுக்கும் பிள்ளை அறியாமல் போகாது. ஒரே ஒரு விலக்கு இருந்தது. உயிருக்கு ஆபத்து, அல்லது யாராவது பிள்ளைக்குத் தீங்கு செய்கிறார் என்றால், "இதை நான் மறைக்க மாட்டன், ஆனால் உன்னைத் தனிய விடவும் மாட்டன்" என்று முதலே சொல்லிவிடுவார். நடவடிக்கை எடுக்க வேண்டியபோது எடுத்தார். சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கத்தைக் கதவிலே எழுதி ஒட்டியிருந்தார். பாடசாலைகளில் உடற்தண்டனையை விலக்கிக் கல்வி அமைச்சு 2005இல் சுற்றுநிருபம் அனுப்பியபோது, "எனக்கு இது புதுச் சட்டமில்லை" என்று சிரித்தார்.

2004 டிசெம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கி வடமராட்சி கிழக்கையும் முல்லைத்தீவையும் அழித்தபோது, மறுநாளே முகாமுக்குப் போனவர்களில் அவரும் ஒருவர். தாயை இழந்த பிள்ளைகள் அவருடைய சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு திரிந்ததைக் கண்டவர்கள் இங்கே இருக்கிறீர்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் நினைவு மலரிலும் இருக்கிறது. இனிச் சொல்வதுதான் அவர் என்னிடம் ஒப்படைத்தது.

"பிறகு எடு மகன்"

அவருடைய மகனுக்கு இயந்திரங்களிலே விருப்பம். பழைய வானொலிப் பெட்டிகளையும் மோட்டார் சைக்கிள்களையும் கழற்றிப் பூட்டுவதில் கெட்டிக்காரன். தாய்க்கோ மகன் வைத்தியனாக வேண்டும். உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்கவைத்தார். 2003இல் பெறுபேறு வந்தது. சித்தியில்லை.

அந்தக் கிழமையிலே, இதே நிலையிலிருந்த வேறொரு மாணவன் அந்தச் சிறிய அறைக்கு வந்தான். அவனோடு ஒன்றரை மணித்தியாலம் இருந்தார். "சோதினை உன்ர பெறுமதியைச் சொல்லாது" என்று தேற்றி அனுப்பினார். மாலையில் வீட்டுக்கு வந்தபோது உறவினர் இருவர் வந்திருந்தார்கள். அவர்கள் முன்னிலையில் சொந்த மகனைப் பார்த்து, "ஊர்ப் பிள்ளையளுக்கெல்லாம் வழி காட்டிற என்ர முகத்தில கரி பூசிப்போட்டாய்" என்றார். மகன் ஒன்றும் சொல்லவில்லை. சில மாதங்களில் கொழும்புக்குப் போனான். அங்கிருந்து வெளிநாடு.

கடல் பொங்கி மூன்றாம் நாள் அந்த மகன் பங்குப் பணிமனைத் தொலைபேசிக்கு அழைத்தான். தாய் உயிரோடு இருக்கிறாரா என்று அறியத் துடித்த அழைப்பு. ரீச்சரைச் சுற்றிப் பிள்ளைகள் அழுதுகொண்டு நின்றார்கள். "நான் சுகம். இஞ்ச பிள்ளையளோட நிக்கிறன். பிறகு எடு மகன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

மகன் பிறகு எடுக்கவில்லை. மாதம் தவறாமல் பணம் வந்தது. சொல் வரவில்லை. தமக்கையோடு மட்டும் பேசினான். எட்டு ஆண்டுகளுக்கு மேல் இப்படியே போயிற்று. தாய் ஊராரிடம், "அவனுக்கு வேலை கூட" என்று சொல்லிக்கொண்டார். ஞாயிறு தோறும் நற்கருணை வாங்கினார். மருதமடு மாதாவிடம் ஆண்டுதோறும் போனார். மகனைத் திருத்தும்படி கேட்டார். தம்மைத் திருத்தும்படி கேட்கவில்லை. இது அவரே சொன்னது.

ஓய்வுபெற்ற அடுத்த ஆண்டு, முன்னாள் மாணவி ஒருத்தி கைக்குழந்தையோடு நன்றி சொல்ல வந்தாள். விடைபெறும்போது, "ரீச்சர், உங்கட பிள்ளையள் குடுத்து வைச்சவை" என்றாள். அவள் போனபின் ரீச்சர் படியிலே இருந்து வெகுநேரம் அழுதாராம்.

அன்றிரவே மகனை அழைத்தார். "மகன், அண்டைக்கு ஆக்களுக்கு முன்னால நான் சொன்னது பிழை. கடல் வந்த நேரம் உன்னை வைச்சதும் பிழை. என்னை மன்னிச்சுக்கொள்" என்றார். காரணம் சொல்லவில்லை, கஷ்டத்தைச் சொல்லவில்லை, விதவையாய் வளர்த்தேன் என்று கணக்குக் காட்டவில்லை. மறுபக்கத்தில் வெகுநேரம் சத்தமில்லை. "வேலையில நிக்கிறன் அம்மா. பிறகு எடுக்கிறன்" என்றான் மகன்.

தாம் கொடுத்த சொல்லே தமக்குத் திரும்பி வந்தது. நான்கு நாட்கள் தொலைபேசிக்குப் பக்கத்திலே செபமாலையோடு இருந்தார். ஐந்தாம் நாள் அழைப்பு வந்தது. மகன் இரண்டு மணித்தியாலம் பேசினான். வருடக்கணக்காய் அடக்கி வைத்ததை எல்லாம் கொட்டினான். அதில் நியாயமானவையும் இருந்தன, நியாயமற்றவையும் இருந்தன. தாய் ஒன்றையும் மறுக்கவில்லை. "ம்... சொல்லு மகன்" என்பதைத் தவிர வேறொன்றும் பேசவில்லை. எத்தனையோ பிள்ளைகளுக்குக் கொடுத்த செவியை அன்றுதான் சொந்தப் பிள்ளைக்குக் கொடுத்தார்.

அதற்குப் பிறகும் எல்லாம் உடனே சரிவந்துவிடவில்லை. ஆனால் அழைப்பு வாரந்தோறும் வந்தது. தாய் படுக்கையில் விழுந்தபோது அந்த மகன் வந்து, கடைசி ஆறு கிழமையும் கட்டிலோடு இருந்தார். இன்று அவர் வெளிநாட்டிலே மோட்டார் திருத்தும் நிலையம் வைத்திருக்கிறார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லும்போது தாயின் முகத்தில் கண்ட பெருமையை நான் மறக்கமாட்டேன்.

முதலில் கேட்ட ஆண்டவர்

அன்பானவர்களே, உயிர்த்த ஆண்டவர் எம்மாவுஸ் வழியிலே இரண்டு சீடரோடு சேர்ந்து நடந்ததை லூக்காஸ் நற்செய்தியின் 24ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். எருசலேமில் நடந்தது என்ன என்று அவருக்குத் தெரியாதா? சிலுவையில் தொங்கியவரே அவர்தான். இருந்தும், நீங்கள் பேசிக்கொள்வது என்ன என்று கேட்டார். அவர்கள் தங்கள் ஏமாற்றத்தை எல்லாம் சொல்லி முடிக்கும்வரை விட்டார். பிறகுதான் மறைநூலை விளக்கினார், பிறகுதான் அப்பத்தைப் பிட்டார். நாமோ பிள்ளை வாய் திறக்குமுன்பே மறையுரையைத் தொடங்கிவிடுகிறோம்.

நாசரேத்துக் குடும்பத்தையும் பாருங்கள். பன்னிரண்டு வயது இயேசு ஆலயத்தில் தங்கிவிட்டபோது, தேவதாய் தம் வேதனையை மறைக்கவில்லை, கேட்டார். மகன் சொன்ன மறுமொழி தாய்க்கும் சூசையப்பருக்கும் விளங்கவில்லை என்று நற்செய்தியே சொல்லுகிறது. விளங்காததற்காக மரியாள் மகனை வெட்கப்படுத்தவில்லை. அதை உள்ளத்திலே வைத்துப் பேணினார். பிள்ளை சொல்வது விளங்காத நேரம் எந்தத் தாய்க்கும் வரும். அந்த நேரத்தில் செய்ய வேண்டியதைத் தேவதாய் காட்டித் தந்திருக்கிறார்.

இன்று வீட்டுக்குப் போய்

இந்தத் தாயின் நினைவாக மூன்று காரியங்களை உங்கள் வீடுகளுக்குக் கொண்டுபோகும்படி கேட்கிறேன்.

முதலாவது, பெற்றோரே, மாலைச் செபமாலை முடிந்தபின் கால் மணித்தியாலம் பிள்ளைகளோடு இருங்கள். படிப்பைப் பற்றிக் கேட்காதீர்கள். தொலைக்காட்சியையும் கைத்தொலைபேசியையும் வைத்துவிட்டு, அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கும் இது பொருந்தும். காசு வந்ததா என்று கேட்டு முடியும் அழைப்பு, பேச்சாகாது.

இரண்டாவது, பிள்ளையின் தோல்வியைப் பிறர் முன்னிலையில் எடுக்காதீர்கள். புலமைப்பரிசில், சாதாரண தரம், உயர்தரம் என்று ஒவ்வொரு பெறுபேறு வரும்போதும் நம் ஊரில் எத்தனை வீடுகளில் பிள்ளைகள் தலைகுனிந்து நிற்கிறார்கள்! இறைவன் உங்களிடம் ஒப்படைத்தது பெறுபேற்றுத் தாளையன்று, ஆன்மாவை.

மூன்றாவது, பிழை விட்டிருந்தால் மன்னிப்புக் கேளுங்கள். "தாய் தகப்பன் பிள்ளையிட்ட மன்னிப்புக் கேக்கிறதோ?" என்று நீங்கள் நினைக்கலாம். நாம் ஒவ்வொரு திருப்பலியின் தொடக்கத்திலும் மார்பில் தட்டி, இறைவனிடம் மட்டுமன்றிச் சகோதரரிடமும் பாவத்தை ஏற்றுக்கொள்ளுகிறோம். வீட்டில் இருக்கும் பிள்ளை அந்தச் சகோதரரில் ஒருவர் இல்லையா? மன்னிப்புக் கேட்ட தாயின் மதிப்பு அந்த வீட்டில் குறையவில்லை என்பதற்கு முன்வாங்கில் இருப்பவரே சாட்சி.

பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு சொல். உங்கள் தாய் தகப்பன் குறையுள்ளவர்கள். போரையும் இடப்பெயர்வையும் தோளில் சுமந்து உங்களை வளர்த்தவர்கள். தங்கள் நோவைச் சொல்ல அவர்களுக்கு ஓர் அறையும் இரண்டு கதிரையும் கிடைக்கவில்லை. அவர்கள் மன்னிப்புக் கேட்கும்வரை காத்திராதீர்கள். இறந்தபின் ஒப்புக்கொடுக்கும் பூசையோடு, இருக்கும்போது எடுக்கும் ஒரு தொலைபேசி அழைப்பும் வேண்டும்.

இப்போது பீடத்துக்குத் திரும்புவோம். ரீச்சரின் தாய் ஒரு கரையில் அடங்கியிருக்கிறார், கணவர் இன்னோர் இடத்தில், இவர் நமது சேமக்காலையில். பிள்ளைகள் கடல் கடந்து போவார்கள். கல்லறைகள் சிதறிக் கிடக்கலாம். பீடம் ஒன்றே. ஒஸ்தியாவில் மோனிக்கா கேட்டதையும், நம் ஊரில் ஒரு கட்டிலில் ரீச்சர் கேட்டதையும் இந்தப் பீடத்திலே நாம் நிறைவேற்றுவோம்.

இரக்கமுள்ள ஆண்டவரே, பிறர் பிள்ளைகளின் கண்ணீரைத் துடைத்த உம் அடியாளின் நற்செயல்களை நினைத்தருளும். சொந்தப் பிள்ளைக்குச் செய்த குற்றத்தையும், நாங்கள் அறியாத மற்றக் குற்றங்களையும் பொறுத்தருளும். அவர் மகனிடம் கேட்டுப் பெற்ற மன்னிப்பை உம்மிடமும் கண்டடைவாராக. அவர் கதையைக் கேட்ட எங்கள் வீடுகளில், இன்றிரவு ஒரு தாயாவது ஒரு பிள்ளையின் பக்கத்தில் போய் இருப்பாராக.

ஆமென்.